கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலை உணவகம் திறக்கிறோம். மாலையில் பீர், விஸ்கி பரிமாற லைசென்ஸ் எடுப்பது எப்படி? ஏஜெண்ட் இரண்டே மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார், நம்பலாமா?

கடைக்கு முன்பணம் கட்டிவிட்டீர்களா? இன்னும் கட்டவில்லை என்றால் பொறுங்கள். மது லைசென்ஸில் பாதி வேலை கடை பார்க்கும்போதே முடிந்துவிடும்.

நானும் என் மச்சானும் முதல் கடை போட்டபோது தலைகீழாகச் செய்தோம். நல்ல மூலைக்கடை என்று மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கட்டினோம். சமையலறை, ஏர்கான், மேசை நாற்காலி எல்லாம் போட்ட பிறகுதான் மதுவுக்கு விண்ணப்பித்தோம். பார்வையிட வந்தவர் உள்ளேகூட வரவில்லை. கடைக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் நின்றபடி எதிர்ப்பக்கம் பார்த்தார். மரங்களுக்குப் பின்னால் ஒரு சூராவ், அதாவது முஸ்லிம்களின் சிறிய தொழுகைக்கூடம், இருந்தது. அந்த வழியாக நாங்கள் நூறு தடவையாவது போயிருப்போம், கண்ணில் பட்டதே இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இரவு வியாபாரத்தை நம்பிக் கணக்குப் போட்டிருந்த கடை ஏழு மாதத்தில் மூடிப்போனது. அதில் என் அம்மாவின் நகையும் போனது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

2020 நவம்பரில் கோலாலம்பூர் மாநகர் மன்றம் வெளியிட்ட வழிகாட்டியில் இது தெளிவாகவே இருக்கிறது. காவல் நிலையம், வழிபாட்டுத்தலம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றுக்கு எதிரே மது விற்கும் கடை கூடாது. இப்போது பிரிக்ஃபீல்ட்ஸை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஸ்காட் சாலைப் பக்கம் கந்தசாமி கோயில், ஜாலான் பெர்ஹாலாவில் பௌத்த மகா விகாரை, துன் சம்பந்தன் சாலையில் ஹோலி ரோசரி தேவாலயம், அப்புறம் விவேகானந்தா பள்ளிகள். இவ்வளவு சாமிகளும் இவ்வளவு பிள்ளைகளும் இருக்கும் வட்டாரத்தில் ஒரு கடைவீடு தள்ளினாலே முடிவு மாறலாம். காலையில் ஒருமுறை, வெள்ளிக்கிழமை மதியம் ஒருமுறை, இரவில் ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். மாடிகளையும் விடாதீர்கள். டியூஷன் சென்டரும் சின்னப் பிரார்த்தனைக் கூடமும் மாடியில்தான் இருக்கும். உங்கள் கடைக்கு எதிர்ப்பு எழுந்தால் அங்கிருந்தும் எழும். அதன் பிறகும் அந்தக் கடைதான் வேண்டும் என்றால், மது லைசென்ஸ் கிடைக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

ஏஜெண்ட் விஷயத்துக்கு வருகிறேன். பாரம் நிரப்ப, வரைபடம் போட, வரிசையில் நிற்க அவரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் லைசென்ஸ் கொடுப்பது 1976ஆம் ஆண்டு கலால் சட்டத்தின்கீழ் இருக்கும் உரிம வாரியம். அதன் முடிவை யாரும் முன்கூட்டி விற்க முடியாது. "இன்னொருத்தர் லைசென்ஸ் சும்மாதான் கிடக்குது, அதை வச்சு நடத்துங்க" என்று அவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். லைசென்ஸில் ஒரு பெயரும் ஒரு முகவரியும் இருக்கும். அந்த ஆள் அந்த இடத்தில் விற்கத்தான் அனுமதி.

வரிசை இப்படி: கம்பெனிப் பதிவு, மாநகர் மன்றத்தின் வியாபார லைசென்ஸ், பொம்பா எனும் தீயணைப்புத் துறையின் ஆதரவு, சமையலாட்களுக்கு டைபாய்டு ஊசியும் உணவு கையாளும் பயிற்சியும். இவற்றோடு மதுவுக்கான விண்ணப்பம். அதில் போலீஸின் கருத்தையும் கேட்பார்கள். விஸ்கி கேட்கிறீர்கள், ஆகவே பப்ளிக் ஹவுஸ் வகை. பீர், ஸ்டௌட் எனும் கறுப்பு பீர் மட்டும் போதுமென்றால் பீர் ஹவுஸ். எத்தனை மணி வரை விற்கலாம் என்பது லைசென்ஸின் வகையையும் அதற்குள் உள்ள வகுப்பையும் பொறுத்தது. ஆகவே மெனுவை முடிவு செய்துவிட்டு விண்ணப்பியுங்கள். சனிக்கிழமை யாரையாவது பாடவைக்கும் எண்ணம் இருந்தால் அது தனி லைசென்ஸ், 1992ஆம் ஆண்டு கேளிக்கைச் சட்டத்தின்கீழ் வரும்.

இன்னொன்று, மது வந்தால் ஹலால் சான்றிதழ் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்கு வரும் மலாய் அலுவலகக்காரர்களை இழக்க நேரிடும். இதை முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா கிள்ளான் பக்கத்துத் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். 1941இல் அங்கே நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. அந்த வீட்டுப் பிள்ளை இன்று மது விற்கிறேன். இந்த நினைப்பு என்னைவிட்டுப் போனதில்லை. ஆகவே சிலவற்றில் விட்டுக்கொடுப்பதே இல்லை. 2017 டிசம்பர் 1 முதல் வயது வரம்பு 21. மீசை வைத்திருந்தாலும் ஐசி எனும் அடையாள அட்டையைக் காட்டாமல் கிளாஸ் வராது. தள்ளாடுபவருக்கு அடுத்தது கிடையாது, ரசமும் சோறும் கொடுத்து கிராப் டாக்சி பிடித்து அனுப்புவோம். சரக்கு எடுப்பது லைசென்ஸ் உள்ள மொத்த வியாபாரியிடம் மட்டும், பில்லோடு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மது குடித்துப் பலர் செத்தார்களே, அந்த வாரம் என் கடையில் இருந்த ஒவ்வொரு பாட்டிலின் பில்லையும் எடுத்துச் சரிபார்த்தேன்.

அதற்குச் சில மாதம் முன்பு, தெரிந்தவர் ஒருவர் பாதி விலைக்கு விஸ்கி கொண்டுவந்தார். பாட்டிலில் சுங்கத்துறை முத்திரை இல்லை. டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். கடை திறந்ததும் உங்களிடமும் அப்படி ஒருவர் வருவார்.