கழுத்தெலும்புகள்: சில கேள்விகளும் பதில்களும்

(உடற்கூறியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் வாசகர்கள் கேட்டவை.)

கேள்வி: ஒட்டகச்சிவிங்கிக்கும் மனிதனுக்கும் கழுத்தெலும்புகள் ஒரே எண்ணிக்கை என்கிறார்களே, உண்மைதானா ஐயா?

உண்மைதான். இரண்டுக்கும் ஏழு, எலிக்கும் திமிங்கிலத்துக்கும் அதே ஏழு. ஒட்டகச்சிவிங்கியின் எலும்புகள் ஒவ்வொன்றும் நீண்டிருக்கின்றனவே தவிர, எண்ணிக்கையில் கூடவில்லை. பாலூட்டிகளில் நீரில் வாழும் மானட்டியும் மரத்தில் தொங்கி வாழும் ஸ்லாத்தும் மட்டும் இவ்விதிக்கு அடங்காதவை. (மன்னார் வளைகுடாவில் வாழும் கடற்பசு மானட்டியின் உறவுதான் என்றாலும், அதற்கு ஏழு எலும்புகளே.)

கேள்வி: செவிலியர் படிப்பில் முதலாண்டு மாணவி நான். எலும்புகள் ஏழு இருக்க, கழுத்து நரம்புகள் மட்டும் எட்டு இணைகளாக இருப்பது ஏன்?

முதல் நரம்பு, மண்டையோட்டுக்கும் முதல் எலும்புக்கும் நடுவே வெளிவருகிறது. அங்கிருந்து ஏழாவது வரை ஒவ்வொரு நரம்பும் தன் எண்ணுக்குரிய எலும்பின் மேற்புறமாகவே வருவதால், ஏழாம் கழுத்தெலும்புக்கும் முதல் மார்பு முள்ளெலும்புக்கும் இடையில் வரும் நரம்பு எட்டாவதாகிவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டால் நோயாளியின் கையைக் கொண்டே கழுத்தை ஊகிக்கலாம்: ஐந்துக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட டிஸ்க் (எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் உள்ள வட்டு) பிதுங்கினால் பெரும்பாலும் ஆறாம் நரம்பு அழுந்திக் கட்டைவிரல் மரத்துப்போகும், ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் என்றால் நடுவிரல்.

கேள்வி: சலூனில் முடிவெட்டி முடித்ததும் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பார்கள். சுகமாகத்தான் இருக்கிறது. அதில் ஆபத்து உண்டா?

உண்டு, அரிதானது, ஆனால் நேர்ந்தால் பெரியது. காரணம் முதல் இரண்டு எலும்புகளின் அமைப்பில் இருக்கிறது. அட்லஸ் எனப்படும் முதல் எலும்பு வெறும் வளையம். மற்ற முள்ளெலும்புகளுக்கு முன்புறம் உள்ள திரண்ட உடற்பகுதி இதற்குக் கிடையாது. ஆக்ஸிஸ் எனப்படும் இரண்டாம் எலும்பிலிருந்து முளை போன்ற பகுதியொன்று மேலெழுந்து அவ்வளையத்தின் முன்பகுதியில் நிற்கிறது. தலையை மேலும் கீழும் அசைப்பது பெரிதும் மண்டையோட்டுக்கும் அட்லஸுக்கும் இடையிலான வேலை. பக்கவாட்டில் திருப்பும்போதோ, கழுத்தின் மொத்தத் திருப்பத்தில் ஏறத்தாழப் பாதி அந்த முளையைச் சுற்றியே நிகழ்கிறது. முளை பின்னே சாய்ந்து தண்டுவடத்தை அழுத்தாமல் தடுப்பது முதன்மையாகக் குறுக்காக ஓடும் ஒரு தசைநாரே. முடக்குவாதக்காரர்களுக்கு இத்தசைநார் தளர்ந்திருக்கக்கூடும் என்பதால், அவர்கள் கழுத்தில் எவரையும் கைவைக்க விடக்கூடாது.

இனி இரத்தக்குழாய். கழுத்தெலும்புகளின் இருபக்கமும் துளைகள் உண்டு. மூளையின் பின்பகுதிக்குச் செல்லும் தமனி பெரும்பாலும் ஆறாம் எலும்பின் துளையில் நுழைந்து, ஒவ்வொன்றாகக் கடந்து மேலேறி, அட்லஸின் மேல் வளைந்து மண்டையோட்டுக்குள் புகுகிறது. மிகுதியாகத் திரும்பும் இடமும் தமனி வளையும் இடமும் ஒன்றாக அமைந்துவிட்டதால், திடீரென்று முறுக்கும்போது தமனியின் உட்சுவர் கிழிந்து, இரத்தம் உறைந்து, பக்கவாதம் வரை போகலாம். ‘டக்’கென்ற ஓசை எலும்பு இடத்தில் உட்கார்ந்ததன் அடையாளமன்று, அது மூட்டுநீரில் வாயுக்குமிழி உண்டாவதால் எழுவது. தலைக்கு மசாஜ் போதும், முறுக்க வேண்டாம் என்று நாற்காலியில் அமரும்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: குனிந்தால் பிடரியின் அடியில் ஒரு மேடு தட்டுப்படுகிறது. கட்டியா?

நடுக்கோட்டில், கல்போல் கெட்டியாக, வலியின்றி இருந்தால் அது ஏழாம் எலும்பின் பின்முனை. எல்லாருக்கும் உண்டு, சிலருக்கு அதற்கடுத்த மார்பு எலும்பே கூடுதலாகத் துருத்தும். மெத்தென்றோ ஒரு பக்கமாகவோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் மகளின் எக்ஸ்ரேயில் கழுத்தில் விலா எலும்பு இருப்பதாகச் சொன்னார்கள். அச்சமாக இருக்கிறது.

அஞ்சாதீர்கள் அம்மா. ஏழாம் எலும்பிலிருந்து இப்படியொரு கூடுதல் விலா முளைப்பது ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோ காணப்படுவது. பலர் அதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். கைக்குச் செல்லும் நரம்பையோ இரத்தக்குழாயையோ அது நெருக்கினால் மட்டுமே தொல்லை. சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போதல், கையை உயர்த்தி வேலைசெய்கையில் சோர்வு, விரல்கள் வெளிறிக் குளிர்தல் ஆகியவை தோன்றினால் மருத்துவரைப் பாருங்கள்.