அட்டவணைக்கொரு திரையா?

அன்புள்ள ஐயா,

ஒரு மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறோம். எந்தத் தகவல் எந்த அட்டவணையில், எந்த வகையில் இருக்கும் என்று சொல்லும் தரவு மாதிரியை ஒழுங்காக எழுதிவிட்டால் திரைகள் தாமாகவே உருவாகிவிடும், பயனர் பார்க்கும் முகப்புக்கென்று தனி ஆள் எதற்கு என்கிறார் எங்கள் மேலாளர். வலைத்தள மென்பொருள் எழுத உதவும் ஜாங்கோவில், மாதிரியிலிருந்து தானாக உருவாகும் அட்மின் பக்கத்தை ஓட்டியும் காட்டினார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுத்துப் பேசக் காரணமும் கிடைக்கவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மேலாளர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. ஜாங்கோ அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி, 2005இல் வெளியானது. கேட்ட திரையை உடனே கொடுத்தாக வேண்டிய இடம் அது. மாதிரியில் தேதி என்றிருந்தால் நாள்காட்டி வரும்; ஆம்-இல்லை என்றிருந்தால் டிக் பெட்டி; வேறோர் அட்டவணைக்கு இணைப்பு என்றிருந்தால் கீழ்விரி பட்டியல். மருந்துப் பட்டியல், துறைகள், ஊழியர் கணக்குகள் போன்றவற்றுக்குக் கையால் திரை எழுதுவது வெட்டிவேலை.

வம்பு அந்தக் கீழ்விரி பட்டியலில்தான் தொடங்கும். ஐம்பதாயிரம் நோயாளிகள் இருந்தால் ஐம்பதாயிரம் பெயரையும் அது திரையில் கொட்டும். எழுத எழுதத் தேடித்தரும் வசதி ஜாங்கோவின் 2.0 பதிப்பில் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் வரவேற்பு மேசையில் இருப்பவர் எதை வைத்துத் தேடுவார்? பெயரையா, கைபேசி எண்ணையா? ஒரே எண்ணில் குடும்பமே பதிந்திருந்தால்? தரவு மாதிரிக்கு இது தெரியாது. பதிவு, ஓ.பி. சீட்டு, கட்டணம், டோக்கன் எல்லாம் அவருக்கு ஒரே வேலை. தரவுத்தளத்துக்கு நான்கு அட்டவணைகள். அட்டவணைக்கொரு திரை கொடுத்தால், வரிசையில் நிற்பவர்களின் வசவு உங்களுக்கோ மேலாளருக்கோ விழாது, அவருக்குத்தான் விழும்.

ஆய்வாளர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். இத்தாலியின் பீசாவில் ஃபாபியோ பட்டெர்னோ 1990களில் உருவாக்கிய 'கன்கர் டாஸ்க் ட்ரீஸ்' குறிமுறை, பணியை மரமாக வரையச் சொல்கிறது: எது முதலில், எது அடுத்து, எதைப் பாதியில் நிறுத்தலாம். முகப்பு உருவாக்கத்துக்கென 2003இல் வந்த கேமலியான் சட்டகம் நான்கு படிகள் வைத்தது. பணியும், அது கையாளும் நோயாளி, டோக்கன் போன்ற கருத்துருக்களும் முதல் படி. பிறகு என்ன கேட்க வேண்டும், என்ன காட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லும் அருவ முகப்பு; அதைப் பெட்டி, பட்டியல் என்று முடிவுசெய்யும் உருவ முகப்பு. ஓடும் திரை கடைசியில்தான். உங்கள் மேலாளர் முதல் படியிலேயே பணியைக் கைவிட்டுவிட்டுக் கருத்துருக்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார். மாதிரியிலிருந்து திரை எடுப்பதில் தவறில்லை, அரை மாதிரியிலிருந்து எடுப்பதுதான் தவறு.

அதற்காக எல்லாத் திரைக்கும் மரம் வரையக் கிளம்பிவிடாதீர்கள். வரைந்து முடிப்பதற்குள் மருத்துவமனையே இடம் மாறிவிடும். நாள் முழுக்க ஆள் உட்கார்ந்து பார்க்கும் திரைகள் சிலவே இருக்கும்: பதிவு, பில், மருந்தகம், ஆய்வகம். அவற்றுக்கு மட்டும் பணியை வரைந்து, கையால் எழுதுங்கள். மற்றதை அட்மினிடமே விடுங்கள்.

மேலாளரிடம் வாதாட வேண்டாம். ஜாங்கோ ஆவணத்தில் அட்மின் பற்றிய பக்கத்தின் தொடக்கத்தைக் காட்டினால் போதும். இது நிறுவனத்தின் உள்நிர்வாகக் கருவி, முழு முகப்பையும் இதன்மேல் கட்டுவதற்கானதல்ல என்று செய்தவர்களே அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.