நீஸில் ஒரே வீடு, தினம் ஒரு கடற்கரை ஊர்

கேள்வி: ஜூன் மாதம் 9 நாள் லீவு. நான், கணவர், 6 வயது மகன், 11 வயது மகள், 68 வயது மாமியார் என ஐந்து பேர். பார்சிலோனா, மார்செய், நீஸ், சிங்க்வே தெர்ரே, அமால்ஃபி என்று மத்தியதரைக் கடலோரமாக ஒரு சுற்றுப் போய்வர ஆசை. மாமியாருக்கு முழங்கால் வலி. சுத்த சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார். காரை வாடகைக்கு எடுக்கலாமா, ரயில் போதுமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் வரைபடத்தைத்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். பார்சிலோனாவிலிருந்து நீஸுக்கே சாலை வழியில் 650 கிலோமீட்டருக்கு மேல். நீஸிலிருந்து அமால்ஃபி அதைவிடத் தூரம். போகவும் வரவும் இரண்டு நாளைக் கழித்தால் கையில் இருப்பது 7 நாள். அதற்குள் ஐந்து இடம் என்றால் பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாகவே பொழுது போய்விடும். பட்டியலில் பிரான்ஸின் தெற்குக் கடற்கரையில் உள்ள நீஸை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் இந்த முறை விட்டுவிடுங்கள். வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் கடற்கரை ஊர்களைக் குடும்பத்தோடு நிதானமாகப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

காரணம், அங்குள்ள ரயில் பாதை. நீஸிலிருந்து கிழக்கே இத்தாலி எல்லையில் இருக்கும் வெந்திமிலியா வரை அந்தப் பாதை கடலை ஒட்டியே போகிறது. வில்ஃப்ரான்ஷுக்கு 10 நிமிடம்கூட ஆகாது. மொனாக்கோவுக்கு அரை மணிக்குள், மாந்தோனுக்கு முக்கால் மணிக்குள் போய்விடலாம். மேற்கே ஆந்திப்புக்கும் அரை மணி நேரம்தான். நம்மூர் பாசஞ்சர் மாதிரி அடிக்கடி வரும் உள்ளூர் வண்டிகள், முன்பதிவு வேண்டாம். கிழக்கே போகும்போது வண்டி போகும் திசையில் வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள், கடல் அந்தப் பக்கம்தான். கார் வேண்டவே வேண்டாம். வளைந்து வளைந்து போகும் மலைச்சாலையில் நெரிசல் ஒரு பக்கம், வண்டி நிறுத்த இடம் தேடுவது இன்னொரு பக்கம்.

அடுத்து, குழந்தைகள் எங்கே குளிப்பது என்று பார்ப்போம். நீஸ் கடற்கரையில் மணல் கிடையாது. கைக்கு அடங்கும் வழவழப்பான சாம்பல் நிறக் கூழாங்கற்கள்தான். வெறுங்காலில் நாலு எட்டு வைப்பதே சிரமம். அதைவிட முக்கியமான விஷயம், கரையிலிருந்து சில அடியிலேயே சட்டென்று ஆழம் வந்துவிடும். அலை பின்வாங்கும்போது காலடியில் கற்கள் சரசரவென்று உருண்டு இழுக்கும். 6 வயதுப் பையனை அங்கே இறக்காதீர்கள். அவனுக்கு வில்ஃப்ரான்ஷ்தான் சரி. ஸ்டேஷனுக்கு நேர் கீழே மரினியேர் கடற்கரை, படி இறங்கினால் தண்ணீர். ஆழமாக உள்வாங்கிய குடா என்பதால் பெரும்பாலும் அலை அடங்கியிருக்கும். ஆந்திப்பில் கோட்டைச் சுவருக்குக் கீழே கிராவெத் என்று ஒரு சின்ன மணல் கடற்கரை உண்டு. அதுவும் குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது. மகளுக்கு ஓவியம் பிடிக்கும் என்றால் பக்கத்திலேயே பிக்காஸோ அருங்காட்சியகம். 1946இல் அவர் ஓவியம் வரைந்த கோட்டை அது. திங்கள்கிழமை விடுமுறை. கூழாங்கல்லில் நடக்க ரப்பர் அடியுள்ள கடற்கரைச் செருப்பை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள். ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், முதலில் சில்லென்று இருக்கும். இங்கே ஓதத்தால் கடல் மட்டம் ஏறி இறங்குவது மிகக் குறைவு. விரித்த துண்டை நகர்த்த வேண்டிய வேலை இல்லை.

மாமியாரின் முழங்காலுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இத்தாலியின் சிங்க்வே தெர்ரேயைச் சேர்ந்த கோர்னிலியா ஊருக்கு என் அம்மாவைக் கூட்டிப்போனேன். ஸ்டேஷன் கீழே, ஊர் மேலே. நடுவில் செங்கல் பாவிய 382 படி. ஸ்டேஷனிலிருந்து சிற்றுந்து இருப்பதை விசாரிக்காமல் அம்மாவை ஏற்றிவிட்டேன். பாதியில் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்தவர், "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கேயே கடலைப் பாத்துட்டு இருக்கேன்" என்றார். அன்றிலிருந்து ஓர் ஊரைப் பற்றி நான் முதலில் கேட்பது ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் எவ்வளவு ஏற்றம் என்பதைத்தான். உங்கள் பாதையிலும் இப்படி ஓர் இடம் உண்டு. எஸ் என்ற மலைக் கிராமத்தைப் பார்க்க நினைத்து எஸ்-சுர்-மெர் ஸ்டேஷனில் இறங்கிவிடாதீர்கள். கிராமம் அங்கிருந்து 400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது; நீஸிலிருந்து பஸ்ஸில் போவதே நல்லது. மொனாக்கோவும் மேடு பள்ளம்தான், ஆனால் தெருக்களுக்கு நடுவே பொது லிஃப்டுகள் நிறைய இருக்கின்றன. 1910இல் திறந்த கடலியல் அருங்காட்சியகத்தில் மீன் தொட்டிகளைப் பார்க்கவே பிள்ளைகளுக்கு அரை நாள் போய்விடும்.

சாப்பாட்டுக்கு நீஸ் தரும் பெரிய ஆறுதல் சொக்கா. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். வண்டிச் சக்கரம் போன்ற அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்புக்குள் தள்ளுவார்கள். ஓரம் கருகி, நடுவில் மெத்தென்று வெந்து வரும்போது சுரண்டி எடுத்து, மிளகுத்தூள் தூவிச் சூடாகத் தருவார்கள். மாமியாருக்கு முதல் வாயிலேயே பழகிய ருசியாக இருக்கும். ஆனால் வெங்காயம் பரப்பிய பிஸ்ஸலாதியேரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதில் நெத்திலி மீன் உண்டு. அப்போதே பிசைந்து செய்யும் பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை சேர்ப்பார்கள். பார்மெசான் சீஸுக்காகப் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்க்கிறார்கள். மாமியாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உணவகத்தில் 'சைவம்' என்று மட்டும் சொன்னால் போதாது. "ஸான் வியாந்த், ஸான் புவாஸோன், ஸான்ஸ் எ" (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், முட்டை இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். மதியம் 2 மணிக்கு மேல் பல உணவகங்களில் சமையலறையை மூடிவிடுவார்கள். சமையலறை உள்ள வீடாக எடுத்தால் கூர் சலேயா சந்தையில் காய் வாங்கிச் சமைத்துக்கொள்ளலாம். திங்களன்று அங்கே காய்கறிக்குப் பதிலாகப் பழம்பொருள் கடைகள்தான் இருக்கும்.

வீட்டை நீஸ் ஸ்டேஷனுக்கும் கடற்கரைக்கும் நடுவில் உள்ள சமதளப் பகுதியில் பாருங்கள். பழைய நகரம் அழகுதான், ஆனால் அங்கே லிஃப்ட் இல்லாத நாலாம் மாடி வீடு மாட்டிக்கொள்ளும். விளம்பரத்தில் 'அஸான்ஸர்' (லிஃப்ட்) இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். விமான நிலையத்திலிருந்து நகருக்கு டிராம் இருக்கிறது.

விசாவுக்கு பிரான்ஸ் வழியாக ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) விண்ணப்பம் போடுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே போடலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைச் சந்தைக்காக வெந்திமிலியா போனால் ஐந்து பாஸ்போர்ட்டையும் கையோடு எடுத்துப்போங்கள். திரும்பும்போது மாந்தோன் பக்கம் பிரெஞ்சு போலீஸ் வண்டியில் ஏறிச் சோதிப்பது வழக்கம்.