வாடகை கட்டினால் காசு காற்றிலா போகிறது?

கேள்வி: தோட்டத்து வீட்டிலேயே எங்கள் காலம் ஓடிவிட்டது. மகனுக்கு 26 வயது; சுங்கை சிப்புட்டில் ஓராண்டு கான்டிராக்ட் வேலை. தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மாதம் 700 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாடகை வீடு பார்த்திருக்கிறான். “அதே காசை வங்கிக்குக் கட்டி வீடு வாங்குடா” என்றால் கேட்பதில்லை. யார் சொல்வது சரி, ஐயா?

பதில்: அது ‘அதே காசு’ இல்லை, அம்மா. 250,000 வெள்ளி வீடு என்றால் முதல் வீட்டுக்கு வங்கி வழக்கமாகக் கொடுப்பது 90 விழுக்காடு வரைதான். 25,000 வெள்ளி கையில் வேண்டும். வக்கீல் செலவு தனி. மிச்சம் 225,000க்கு 4 விழுக்காடு வட்டி, 35 ஆண்டு என்று போட்டால் மாதம் ஏறக்குறைய 996 வெள்ளி. முதல் மாதம் அதில் 750 வட்டிக்கே போய்விடும். கடனில் கழிவது 246தான். காற்றில் போவது வாடகை மட்டுமா? சொந்த வீடென்றால் கூரை ஒழுகினாலும் உங்கள் செலவுதான்.

இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதியில்) எடுக்கலாம் என்பீர்கள். வீட்டுக்கு எடுக்கக்கூடிய செஜாத்ரா கணக்கில் சந்தாவில் 15 விழுக்காடுதான் சேர்கிறது. இந்த வயதில் அது பெரிய தொகையாக இருக்காது. பிடிபிடிஎன் (உயர்கல்விக் கடன்) பாக்கி இருந்தால், கடன் விவரப் பதிவான சிசிரிஸில் வங்கிக்குத் தெரிந்துவிடும்.

ஆக, மகன் கணக்கு தப்பில்லை. ஆனால் வாடகைக்குப் போகிறவர்கள் கோட்டை விடுவது முன்பணத்தில். வழக்கமாக இரண்டு மாத வாடகை 1,400, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் 350, முதல் மாதம் 700. மொத்தம் 2,450 வெள்ளி. தகராறெல்லாம் திரும்பி வரவேண்டிய அந்த 1,750க்குத்தான். சாவி வாங்கும் அன்றே மீட்டர் எண், சுவர் விரிசல், சிங்க் அடியில் ஊறிய பலகை என்று ஒன்றுவிடாமல் படம் எடுக்கட்டும். ஃபோனிலேயே கிடந்தால் பயனில்லை. வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘சரி’ என்று பதில் வாங்கவேண்டும். கடைசி தெனாகா (மின்சார) பில்லையும் கேட்கட்டும். பழைய பாக்கிக்கு லைன் வெட்டினால் இருட்டில் உட்காருவது குடியிருப்பவர்தான்.

வாடகை ஒப்பந்தம் போட்ட 30 நாளுக்குள் எல்எச்டிஎன்னில் (வருமான வரி வாரியத்தில்) முத்திரை வரி கட்டவேண்டும். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் சாட்சியமாக எடுக்காது. இருந்தால், முன்பணத்துக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை போடலாம்: 5,000 வெள்ளி வரை, வக்கீல் வேண்டாம்.

வேலை ஓராண்டுக்குத்தான் என்றால் வீட்டு ஒப்பந்தமும் ஓராண்டே இருக்கட்டும். வீட்டுக்காரர் இரண்டாண்டு கேட்டால், ‘வேலை முடிந்தால் இரண்டு மாத நோட்டீசில் காலி செய்யலாம்’ என்று ஒரு வரி எழுதி வாங்கிய பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.