படித்தீர்கள், ஆடினீர்களா?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடலாம் என்றிருக்கிறோம். 1982-இல் வந்த 'தி லாஸ்ட் சிட்டி' என்ற சாகசப் புத்தகத்தை எல்லோரும் புகழ்கிறார்களே என்று படித்துப் பார்த்தேன். கதையே இல்லை. பின்பாதி வெறும் குறிப்பு. இந்தக் காலாவதிச் சரக்கை விட்டுவிட்டு, கடலில் மூழ்கிய நம் குமரிக்கண்டத்தின் பெருமையைச் சொல்லும் சாகசம் ஒன்றை நானே எழுதப் போகிறேன். உங்கள் கருத்து?
– கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

பதில்: படித்தேன் என்கிறீர்கள் தம்பி, ஆடினீர்களா? கடிதத்தில் பகடை உருட்டிய தடயம் ஒரு வரியிலும் இல்லையே! கோயில் கொடைக்குப் போகாமல் வில்லுப்பாட்டுப் புலவரின் ஏட்டை மட்டும் வாங்கி வாசித்துவிட்டு, "மாடன் கதை இவ்வளவுதானா, சப்பென்று இருக்கிறதே" என்று ஒருவர் சொன்னால் நம் ஊரில் சிரிப்பார்கள். எந்த இடத்தை நீட்டுவது, எங்கே குடத்தை அடக்கி உடுக்கைப் பேசவிடுவது என்பதையெல்லாம் எதிரே இருக்கும் கூட்டத்தைப் பார்த்துத்தான் புலவர் முடிவு செய்வார். உங்கள் கையில் இருப்பதும் அப்படி ஓர் ஏடு. அதில் நாவலைத் தேடினால் கிடைக்காது.

இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு இது. ஒருவர் உலகத்தை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், சந்தேகம் வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். நடத்துபவருக்குக் கைகொடுக்கத்தான் சாகசப் புத்தகங்கள். நம் மாணவர் குறை சொல்லும் புத்தகத்தை எழுதிய டாம் மோல்ட்வேதான் 1981-இல் புதியவர்களுக்கான அடிப்படை விதிநூலையும் திருத்தித் தொகுத்தவர். 2004-இல் 'டன்ஜன்' என்ற இதழ் எக்காலத்துக்குமான சிறந்த சாகசங்கள் முப்பதை வரிசைப்படுத்தியபோது இதற்கு 28-ஆம் இடம் கொடுத்தது. நானாக இருந்தால் இன்னும் மேலே ஏற்றியிருப்பேன்.

கதை இல்லை என்றீர்கள். பாலைவனத்தில் மணற்புயல், வழி தவறிய கூட்டம், தீர்ந்துபோன தண்ணீர், மணலில் புதைந்த சினிடிசியா நகரம், அதில் தலைநீட்டி நிற்கும் படிக்கட்டுப் பிரமிடு. இதுவரை புதிதாக ஒன்றுமில்லை. உள்ளே போனால்தான் விஷயம். அந்த நகரத்து மக்களின் சந்ததி நிலத்தடியில் இன்னும் வாழ்கிறது. முகமூடி போட்டுக்கொண்டு, போதையில் கனவு கண்டுகொண்டு, சார்கோன் என்ற ஒற்றைக்கொம்பு அரக்கனைத் தெய்வமாக்கி அதற்குப் பலி கொடுத்துக்கொண்டு. தெளிவோடு இருப்பவை மூன்று சிறு கூட்டங்கள்தான்: கோர்ம் என்ற பழைய தெய்வத்தின் வீரர்கள், உசாமிகராஸின் மந்திரவாதிகள், மடாருவாவின் போர்ப்பெண்கள். மூவருக்கும் அரக்கன் ஒழிய வேண்டும், பழைய நகரம் திரும்ப வேண்டும். ஆனால் மூவரும் சேரமாட்டார்கள். சேர்ந்தால் முதல் பூசை எந்தச் சாமிக்கு என்பதிலேயே அடிதடி ஆகிவிடும்.

இப்போது உங்கள் ஐந்து பேரை உள்ளே விடுங்கள். நாக்கு வறண்டு நிற்கிறார்கள். ஒரு கூட்டத்தோடு சேர்ந்தால் தண்ணீரும் சோறும் ஒளிந்துகொள்ள இடமும் கிடைக்கலாம், மற்ற இரண்டு கூட்டத்தின் பகையும் கூடவே வரும். யாரை நம்புவது என்று உங்களுக்குள்ளேயே வாய்ச்சண்டை வரும். அந்தச் சண்டைதான் கதை. அதை மோல்ட்வே எழுதி வைத்திருந்தால் உங்களுக்கு அங்கே என்ன வேலை?

புத்தகம் குறையில்லாதது என்று சொல்லவரவில்லை. பல அறைகளில் மிருகங்கள் கதவுக்குப் பின்னால் காத்திருக்கின்றன. என்ன தின்று காத்திருக்கின்றன என்று கேட்கக்கூடாது. மூன்று கூட்டங்களும் நீங்கள் போய்த் தொடும்வரை அசைவதில்லை. அவர்களுக்கு அன்றாட வேலையும் திட்டமும் நடத்துபவர்தான் உண்டாக்க வேண்டும். மருந்தில் மயங்கிய நகரமும் அதன் மக்களைத் தின்னும் தெய்வமும் 1933-இல் வெளிவந்த, ராபர்ட் ஹோவர்ட் எழுதிய கோனன் என்ற வாள்வீரனின் கதை ஒன்றிலேயே வந்துவிட்டவை. அந்தக் கால விதிகளும் இரக்கமற்றவை. முதல் நிலையில், அதாவது ஆட்டம் தொடங்கும்போது, மந்திரவாதி எவ்வளவு அடி தாங்குவான் என்ற உயிர்ப்புள்ளியை ஒரு நாலுபக்கப் பகடை சொல்லும், சாதாரணக் கத்தியின் அடியை ஆறுபக்கப் பகடை. ஒரு குத்து போதும், பூஜ்யம் வந்தால் சாவுதான்.

பின்பாதி குறிப்பு என்ற குறையில் உண்மை இருக்கிறது, காரணமும் இருக்கிறது. அடிப்படை விதிநூல் முதல் மூன்று நிலைகளுக்கு மட்டும். கீழ்த்தளங்களிலும் நகரத்திலும் இறங்க அடுத்த விதிநூல் பெட்டியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. வியாபாரம்தான். ஆனாலும் வரைபடமும் ஆட்களும் கையில் இருக்க, அடுத்த மாதத்து ஆட்டத்தை நீங்களே எழுதிக்கொள்ள அதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.

இனி குமரிக்கண்டம். தாராளமாக எழுதுங்கள். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் கடல்கொண்ட நிலத்தை எழுநூறு காவதம் (பழைய தூர அளவு) என்று அளந்து, ஏழ்தெங்க நாடு, ஏழ்குன்ற நாடு, ஏழ்குறும்பனை நாடு என்று ஏழேழாக 49 நாடுகளை அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். சாகசம் எழுதுகிறவனுக்கு இது அல்வா. குளச்சலுக்குப் பக்கத்துக் குறும்பனைக்காரர்கள் அந்தக் கடைசிப் பெயரை விடமாட்டார்கள், அது உங்கள் பாடு. ஆனால் இந்தியப் பெருங்கடலில் மூழ்கியதாகச் சொல்லும் லெமூரியாக் கண்டத்தை ஆதாரமாக இழுத்து வராதீர்கள். அது 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் வகை விலங்குகள் எப்படி வந்தன என்று விளக்கச் சொன்ன யூகம். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அறிவியல் அதைக் கைவிட்டுவிட்டது.

எனக்கு உறுத்தியது உங்கள் கடிதத்தில் இருக்கும் 'பெருமை' என்ற சொல்தான். சினிடிசியாவில் ஆட்டம் நடப்பதே அது கெட்டுப்போன ஊர் என்பதால். உங்கள் குமரிக்கண்டத்தில் புலவர்கள் போதையில் கிடப்பார்களா? இடைச்சங்கம் இருந்ததாகச் சொல்லும் கபாடபுரத்து மந்திரி தன் மக்களையே ஏதோ ஒன்றுக்கு இரையாக்குவானா? இரண்டு நாடுகள் ஒரு கிணற்றுக்காக வெட்டிக்கொள்ளுமா? இதையெல்லாம் எழுத உங்கள் கை நடுங்கினால் ஆட்டக்காரர்களுக்கு அங்கே வேலையில்லை. சங்க மண்டபத்தில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு எழுந்துபோவார்கள்.

தாகமும் அங்கே செல்லாது, குமரிக்கண்டத்தில்தான் பஃறுளி ஆறு ஓடுகிறதே. ஆனால் கடல் ஏறிவரும் நாட்டில் கிணறு ஒவ்வொன்றாக உப்புக் கரிக்கத் தொடங்கும். எந்த ஊர் கடைசியில் மூழ்கும், மேட்டுநிலம் யார் கையில், படகு எத்தனை, அதில் யாருக்கு இடம் என்று தொடங்குங்கள். கடல் ஊருக்குள் வருவது எப்படியிருக்கும் என்று அறிய, 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு குளச்சலிலோ மணக்குடியிலோ யாரும் உரையாசிரியரைப் புரட்ட வேண்டியதில்லை. அந்த ஊர்க்காரர் ஒருவர் உங்கள் மேசையில் இருந்தால், அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அதற்கு முன் மோல்ட்வேயின் பிரமிடுக்குள் நாலு ஞாயிற்றுக்கிழமை இறங்கி வாருங்கள். பிறகு எழுதியதை அனுப்பினால் இதழில் போடத் தயார். 'உலகின் முதல் நாகரிகம்' என்ற வரி எங்காவது இருந்தால் திருப்பி அனுப்பப்படும்; தபால்தலை ஒட்டிய உறை அவசியம்.