நேந்திரங்காய் சிப்ஸ் புளியரை தாண்டுமா?

கேள்வி: கையில் 40,000 ரூபாய் சேமிப்பு இருக்கிறது. வீட்டிலேயே நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு, கேரளத்தில் உள்ள புனலூர் கடைகளுக்கும் கொடுக்க ஆசை. முதலில் என்ன செய்ய வேண்டும், அக்கா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: கடைப் பெயர், அச்சடித்த பை எல்லாம் அப்புறம். முதலில் ஒரு குலை வாங்கித் தோலோடு எடை போடுங்கள். பொரித்து ஆறியதும் மறுபடி எடை போடுங்கள். என் அடுப்பில் ஏறக்குறைய நாலு கிலோ காய்க்கு ஒரு கிலோ சிப்ஸ்தான் தேறியது. முதல் வருஷம் இதைப் பார்க்காமல் விலை சொல்லிவிட்டேன். ஓணத்துக்கு முன் காய் விலை ஏறியது; கைக்காசைப் போட்டுத்தான் ஆர்டரை முடித்தேன். பல ராத்திரி தூக்கமே இல்லை. உங்களுக்கு அது வரக்கூடாது, தங்கச்சி.

புனலூர்க்காரர்கள் தேங்காய் எண்ணெய் வாசம் எதிர்பார்ப்பார்கள். அந்தச் செலவைத் தனியாக எழுதுங்கள்.

சரி, புளியரை வழியாகக் கேரள எல்லை தாண்டுவது. வருஷத்துக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்பது தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கு விற்பவருக்குத்தான். கேரளக் கடைக்கு ஒரு கிலோ அனுப்பினாலும் பதிவு வேண்டும். அதனால் முதல் ஆறு மாதம் செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் போதும். ஆனி, ஆடியில் சாரல் கூட்டம், கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் இருக்கிறார்களே! உணவுப் பாதுகாப்புப் பதிவு எங்கே விற்றாலும் கட்டாயம். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம்; அதற்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

சேமிப்பில் 15,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள். கடைக்காரர்கள் இன்று சரக்கு எடுத்து, அடுத்த வாரம்தான் காசு தருவார்கள்.