குழந்தையின் ஆஸ்பத்திரி பேப்பரில் 'ஹெச்.ஐ.இ ஸ்டேஜ் 2' என்று எழுதியிருந்தால் என்ன பொருள்?

பெங்களூரு ஆஸ்பத்திரியில் பிறந்த அக்கா குழந்தை உடனே அழவில்லை, பேப்பரில் 'ஹெச்.ஐ.இ ஸ்டேஜ் 2' என்று இருக்கிறது, எவ்வளவு மோசம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேன்சர் ஸ்டேஜோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். ஹெச்.ஐ.இ என்பது பிறக்கும்போது மூளைக்கு ரத்தமும் ஆக்ஸிஜனும் குறைந்துபோவதால் வரும் பாதிப்பு. அந்தக் குழந்தை, பரிசோதித்த அந்த வேளையில் எப்படி இருந்தது என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. 1976-இல் ஹார்வி சார்னட், மார்கரெட் சார்னட் இருவரும் வகுத்த முறை. ஸ்டேஜ் 1 குழந்தை கண்ணை அகல விழித்து, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப்போடும். பெரும்பாலும் ஒரு நாளில் தெளியும். ஸ்டேஜ் 2-இல் மந்தமாகக் கிடக்கும், கண்மணி சுருங்கும், ஃபிட்ஸ் வருவதும் இதில்தான் அதிகம். மடங்கிய கையை நீட்டி விட்டால் சட்டென்று திரும்ப மடங்க வேண்டும். இங்கே மெதுவாக மடங்கும். கையுறை போட்ட விரலை வாயில் வைத்தால் சப்பும், ஆனால் பலம் இருக்காது. ஸ்டேஜ் 3 என்றால் எழுப்பவே முடியாது, உடம்பு துணியாகத் துவளும்.

எண் தப்பாக விழுவதும் உண்டு. ஃபிட்ஸுக்கு ஃபீனோபார்பிட்டோன் போட்ட பிறகு பார்த்தால், மருந்தின் மயக்கமே ஸ்டேஜைக் கூட்டிக் காட்டும். குறைமாதக் குழந்தை இயல்பிலேயே தொய்வாக இருக்கும். முதல் மணி நேரத்தில் 1 என்று தெரிந்தது ஐந்தாம் மணியில் 2 ஆகலாம். மூளைப் பாதிப்பைக் குறைக்க உடலைக் குளிர்விக்கும் சிகிச்சையை (33.5 டிகிரி செல்சியஸ், 72 மணி நேரம்) பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால் அதுவரை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். குளிர்விக்கவில்லையே என்று டாக்டரைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள்: இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் நடந்து 2021-இல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வில் குளிர்வித்த குழந்தைகளிடையே உயிரிழப்பு கூடுதலாகவே இருந்தது.

என் பார்வையில் எண்ணைவிட நாள் கணக்குதான் பெரிது. சார்னட் ஆய்வு 21 குழந்தைகளை மட்டும் வைத்துச் செய்தது. ஆனாலும் ஸ்டேஜ் 3-க்குப் போகாமல், ஸ்டேஜ் 2-இல் 5 நாளுக்கும் குறைவாக இருந்த குழந்தைகள் பின்னாளில் இயல்பாகவே இருந்தன. ஒரு வாரம் தாண்டியும் தெளியாததுதான் கவலைக்குரிய அறிகுறி. அதனால் வார்டு டாக்டரிடம் தமிழிலேயே கேளுங்கள், பெங்களூரில் புரிந்துகொள்பவர்கள் நிறைய: குழந்தை எந்த நாளில் தெளிந்தது, எந்த நாளில் டியூப் எடுத்து வாயால் பால் குடித்தது, எம்.ஆர்.ஐ. எத்தனையாம் நாள் எடுத்தது? தாம்சன் ஸ்கோர் (குழந்தையின் 9 அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் முறை, அதிகபட்சம் 22) நாள்தோறும் போட்டிருந்தால் அந்தத் தாளின் நகலையும் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்தபின் காது பரிசோதனையை விடாதீர்கள். தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் தலைச் சுற்றளவை அளந்து எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் கடந்தும் கைவிரல் மூடியே இருந்தாலோ, நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்காவிட்டாலோ அடுத்த ஊசித் தேதிக்குக் காத்திருக்காமல் குழந்தை நரம்பியல் டாக்டரிடம் காட்டி பிசியோதெரபி தொடங்குங்கள்.